பிஸ்கட் தட்டு

அன்புள்ள அத்தைக்கு,

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நான்கு வருடம் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, நேர்காணலில் அதிலிருந்து ஒரு கேள்விகூட இல்லை.

பேராசிரியை உங்கள் பரிந்துரைக் கடிதத்தைப் படித்து முடித்ததும் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கோம்மா. இங்க ஒளிச்சு வைக்க வேண்டாம்" என்றார். நேர்காணல் குழுவில் இருந்த மற்றவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் தொடவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் தலையணை உறைக்குள் பிஸ்கட் பதுக்கிவைத்ததை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். "செத்தாலும் என் வாயிலருந்து வராதுடி" என்றீர்கள். வாயிலிருந்து வரவில்லைதான். அழகான கையெழுத்தில் வந்தது.

என் நல்லதுக்குத்தான் என்பீர்கள். தெரியும்.

விடுதியிலிருந்து வாராவாரம் கடிதம் போடுவேன். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று மட்டும் எழுதுவேன்.

இப்படிக்கு,
நீங்கள் எடுத்து வளர்த்தவள்