வெளுத்துத் தெரிந்த இடம்

மதுரை சிறை
12.2.2024

அன்பு லட்சுமிக்கு,

நீயும் ஓவியாவும் நலமா? உன் தோள்பட்டை எலும்பு கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். போன வாரம் எனக்கு வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெறும் ஸ்கேனில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கையில் மருந்து ஏற்றி மறுபடி எடுத்ததும், நெற்றிக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவு கட்டி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அந்த இடத்தில் கட்டி இருந்தால் கோபம் அடங்காதாம்.

ஆக, உன்னை அடித்தது நான் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் வண்டியில் விழுந்தபோது மருந்து ஏற்றாமல்தான் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி அப்போதே இருந்திருக்கும், தெரிந்திருக்காது. இதைக் கோர்ட்டில் சொல்லி, சமாதானமாகப் போகிறேன் என்று நீ கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார் வக்கீல்.

உன்
சுருளிராஜன்


ஓடைப்பட்டி
20.2.2024

அன்புள்ள ஓவியா அப்பாவுக்கு,

கடிதம் பார்த்து அழுதேன். இத்தனை அடி வாங்கியும் அழுகை வருகிறதே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. மறுநாளே மதுரை வந்து டாக்டரைப் பார்த்தேன். நல்ல மூளையின் ரத்தக்குழாய் அந்த மருந்தை வெளியே விடாதாம். கட்டியின் குழாய் கசியவிடுமாம். அதனால்தான் கட்டி மட்டும் வெளுத்துத் தெரிகிறதாம். "எத்தன வருசமா இருக்குன்னு படத்த வச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். கோபத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோர்ட்டுக்குத்தான் யோசனை. மண்வெட்டிக் காம்பால் என் தோளை உடைத்த அன்று காலையில், திராட்சை வியாபாரி நம் பந்தலடியிலேயே உங்களைக் கேவலமாகத் திட்டினார். அவரிடம் ஏன் நீங்கள் கை ஓங்கவில்லை?

ஜோதிலட்சுமி


மதுரை, ஆஸ்பத்திரி
27.2.2024

லட்சுமி,

சிறைக்காரர்கள் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் இதைத் தம்பி முத்துவீரனிடம் கொடுத்தனுப்புகிறேன். புருஷனையே கேள்வி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாயா? மரியாதையாகக் கையெழுத்துப் போடு. இல்லையென்றால் வெளியே வருகிற அன்றே இன்னொரு தோளையும் உடைத்துக் கிணற்றில் தள்ளுவேன்.

கோபித்துக்கொள்ளாதே. இதை எழுதியதும் கட்டிதான், நான் இல்லை.

சுருளிராஜன்


ஓடைப்பட்டி
1.3.2024

ஓவியா அப்பாவுக்கு,

உங்கள் தம்பி கடிதம் கொண்டுவந்தார். "அண்ணே பாவம் மதினி, அவுக சொல்றபடி போட்டுருங்க" என்றார். படித்து முடித்து, மடித்துப் பத்திரமாக வைத்தேன்.

மோட்டார் ரூம் சுவரில் என் தலையை மோதினீர்கள். வாயில் துண்டை அடைத்து, கொள்ளிக்கட்டையால் முதுகில் சுட்டீர்கள். மூக்கிலிருந்து ரத்தம் வயிறுவரை வழிந்தது. ஓவியா வீட்டில் இருந்தபோது ஒரு தடவைகூட அடித்ததில்லை. வீட்டில் அடித்தால் முதலில் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள், அப்புறம் கதவைச் சாத்துவீர்கள். நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதமும் சிறைக்காரர் கண்ணில் படாமல்தான் வந்திருக்கிறது.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்கள் கடிதத்தைக் கோர்ட்டில் கொடுக்கப்போகிறேன். நாளை மறுநாள் ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று கௌமாரி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன், அதுவும் உண்மை. கட்டியை எடுத்தபிறகு எழுந்து உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கோபம் கட்டியுடையதாகவே இருக்கட்டும். கதவைச் சாத்தியது யார்?

ஜோதிலட்சுமி