சாரின் வனவாசம்

செப்டம்பர் 2, திங்கள்

இன்று நாற்பத்து மூன்று பேர். ஒரு போலீஸ்காரர் ஊசியைப் பார்த்ததுமே மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரி லேபில் பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். மீசைக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ஹாலின் நடுவில் கூடாரம். உள்ளே என் கணவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். ஊரே சார் என்று கூப்பிடுகிறது. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன், மரியாதைக்காக இல்லை. சார் வேலையை விடப் போகிறாராம். ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் தொழில் தொடங்கப் போகிறாராம். பெயரும் வைத்தாயிற்று: வனவாசம். தண்டனைக்கு வைக்கிற பெயரைத் தொழிலுக்கு வைத்த முதல் ஆள் இவராகத்தான் இருப்பார். ராஜினாமா கடிதமும் தயார். மாதக் கடைசியில் தலைமை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"நிரந்தர வேலைங்க அது" என்றேன்.

"நிரந்தரமா உக்காந்திருக்கிற வேலை" என்றார். சொன்னவர் கூடாரத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம். சார் சொன்னது அப்படியே:

"நீ என்கூட மூணு ராத்திரி காட்டுல வந்து தங்கு. ஒரே ஒரு தடவை 'முடியல, வீட்டுக்குப் போலாம்'னு நீ சொல்லிட்டா, லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடறேன். நீ தாக்குப்பிடிச்சிட்டா கொடுத்துடுவேன். உன்னாலயே முடிஞ்சா எவனாலயும் முடியும்."

என்னாலேயே! இருக்கட்டும். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் படிப்பும் இந்த வீடும் தப்பிக்கும். முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

செப்டம்பர் 10, செவ்வாய்

சார் தினமும் பச்சைப் பூண்டு தின்கிறார். பூச்சி கிட்ட வராதாம். பூச்சியைப் பற்றித் தெரியாது, நான் கிட்டப் போவதில்லை. கையில் ஒரு வாசனை ரப்பர் வளையம். போனில் பூச்சிகளை விரட்டும் ஏதோ ஒரு சத்தம். நமக்குக் கேட்காதாம், பூச்சிக்கு மட்டும் கேட்குமாம். இவர் பரீட்சைத்தாள் திருத்துகிறார், நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் பூச்சி கடிக்காமல் இருக்கத் தடவும் கிரீம் ஒன்று வாங்கிவந்தேன். "கெமிக்கலா? வனவாசத்துல கெமிக்கலே கிடையாது" என்றார். பையின் அடியில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி. காடு.

கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டரை மணி நேர நடை. சார் தேர்ந்தெடுத்த இடம் ஒரு குட்டையின் கரை. நாலு பக்கமும் மரம், காற்று என்று ஒன்று இல்லவே இல்லை, தண்ணீர் பாசி பிடித்து நிற்கிறது. இருபது வருடம் பூகோளம் நடத்தியவர்!

"மேல மேடு இருக்கே, அங்க போடலாமே."

"வர்றவங்களுக்கு வியூ முக்கியம்மா. உனக்கு இதெல்லாம் புரியாது."

வெயில் இறங்கியதும் பூச்சிகள் வந்தன. சார், வனவாசம் என்று அச்சடித்த, பூச்சிக்குப் பிடித்த கருநீலச் சட்டையை, அதுவும் அரைக்கைச் சட்டையை, மாட்டிக்கொண்டு நின்றார். பூண்டு, வளையம், சத்தம் மூன்றும் கால் மணி நேரத்தில் தோற்றன. போனில் சார்ஜ் போனதுதான் மிச்சம். நான் வெள்ளை முழுக்கைச் சட்டை, பேண்டின் நுனி சாக்ஸுக்குள், வெளியே தெரிந்த இடத்தில் எல்லாம் கிரீம். இருந்தும் கண்ட இடத்தில் கடி.

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த நேரம் பார்த்து சார் திரும்பி, "என்ன, முடியலையா?" என்று சிரித்தார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14, சனி, காலை

சாரின் இடது கண் முழுதாக மூடிவிட்டது. இமையில் கடி. உப்பிப்போன முகத்தோடு "இயற்கைன்னா அப்படித்தான்" என்கிறார்.

எனக்கோ வேறு ஒன்று தோன்றுகிறது. இந்தப் பூச்சிகளும் ரத்தம் எடுக்கிற என் தொழில்காரர்கள். பார்க்கப் பார்க்க எடைபோடாமல் இருக்க முடியவில்லை. கொசு சீனியர்: வந்ததும் தெரியாது, குத்தியதும் தெரியாது, எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அரிப்பு. நான் தட்டித் தடவி நரம்பைத் தேடுகிறேன், அது தேடுவதே இல்லை. மாட்டு ஈ, பயிற்சிக்கு வந்த முதல் நாள் ஆள் மாதிரி. தோலைக் கிழித்து, வழிகிற ரத்தத்தை நக்குகிறது. அதை எங்கள் லேபில் சேர்த்தால் அன்றைக்கே புகார் வரும். கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சி ஒன்று, பெயர் தெரியவில்லை, கூட்டமாக வந்து தலைமுடிக்குள் புகுகிறது. அதற்கு ஒழுங்கும் கிடையாது, திறமையும் கிடையாது. கும்பலை மட்டும் நம்புகிறது.

நான்கு சாம்பிள் டியூப் கொண்டுவந்திருந்தேன், உப்பும் மிளகுத்தூளும் போட்டுவைக்க. அவற்றில் மூன்றைக் கொட்டிவிட்டு ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து மூடினேன்.

சனி, மாலை

கூடாரத்தை நானே பிடுங்கி மேட்டுக்குக் கொண்டுபோனேன். சார் வியூ வியூ என்று முனகிக்கொண்டே பின்னால் வந்தார். மேலே காற்று இழுக்கிறது. இடது கையில் கிரீம், வலது கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். இடது: பூஜ்யம். வலது: இரண்டு. நேற்றுக் குட்டைக் கரையில் எண்ணவே முடியவில்லை.

சார் கொஞ்ச நேரம் சொறிந்தார். பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த... கிரீம் இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் கொடுத்ததில்தான் சுகம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சாரின் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி. தீக்குச்சியால் சுடு, எண்ணெய் விடு என்று குதித்தார். "ஆடாம நில்லுங்க" என்று சொல்லி, இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தேன். முழுதாக வந்தது. அதற்கும் கண்ணைத் திருப்பிக்கொண்டார். போலீஸ்காரர் ஞாபகம் வந்தது.

மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் அப்படி ஒரு பரிவு.

"உனக்கு முடியலன்னா சொல்லிடும்மா. கௌரவம் பாக்காத. இப்பவே கிளம்பிடலாம்."

புரிந்துவிட்டது. ஓட வேண்டியது அவருக்கு. சொல்ல வேண்டியது நானாம்.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தானே வந்தேன்? மகள், வீடு, வேலை — எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தானே தொங்கிக்கொண்டிருக்கிறது? வாயைத் திறந்தேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று வந்தது.

வீம்பு பாதிதான். மீதி என்னவென்றால், எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. சீ, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

மூன்று ராத்திரியும் முடிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் சார் அந்த வனவாசம் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் ஜெயித்தால் வேலை போகும் என்பதுதானே ஒப்பந்தம்? ஜெயித்துத் தொலைத்துவிட்டேன். என்ன காரியம் பண்ணிட்டே பாவி.

செப்டம்பர் 17, செவ்வாய்

மதிய இடைவேளையில் டியூப்களில் இருந்தவற்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கொசுவின் வாய் ஒற்றை ஊசி இல்லை, ஆறு மெல்லிய ஊசிகள், ஓர் உறைக்குள். சாப்பிடாமலே இடைவேளை முடிந்துவிட்டது.

செப்டம்பர் 30, திங்கள்

மாதக் கடைசி. சார் வழக்கம்போல் பள்ளிக்குப் போய் வந்தார். கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கூடாரம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வேலை தப்பித்தது. அது போதும்.

அக்டோபர் 2, புதன்

சாருக்கு அது போதாது போலிருக்கிறது.

அக்கா போன் செய்தாள். "மாப்பிள்ளை எல்லாம் சொன்னாருடி. பூச்சிக்கடி தாங்காம முதல் நாளே அழுதியாமே. பாவம், உனக்காக அவரு ஆசையையே விட்டுட்டாரு. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?"

அழுதேனாம்! நான்! அந்தாளு முழங்காலைப் புடிச்சுக்கிட்டுக் கத்தினது எனக்கில்ல தெரியும். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும்? லேபிலும் பரவியிருக்கிறது. இன்சார்ஜ்கூட "கொசு பத்திரம்மா" என்று கிண்டல் பண்ணினார்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் சாருக்கு ரோஷம் வந்து கடிதத்தைக் கொடுத்தாலும் கொடுத்துவிடுவார். அதனால் அக்காவிடம் "ஆமாக்கா" என்றேன். இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து வந்த கேவலமான வார்த்தை அதுதான்.

அக்டோபர் 6, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். "பதினெட்டாம் தேதியிலேருந்து நாலு நாள் லீவு போட்டிருக்கேன். காட்டுக்குப் போறேன்."

"நாமளா?"

"நான்."

சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தனியாவா? உன்னால முடியலன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே."

"சொன்னவரு நீங்கதான? நீங்களே போய் மாத்திச் சொல்லிக்கோங்க."

"அப்ப அந்த லெட்டர்..."

"அது உங்க பாடு. உங்க பையில இருக்கட்டும், இல்ல குப்பையில இருக்கட்டும். நான் கேக்கல."

தட்டிலேயே கையைக் கழுவினார். பிறகு, "கிழிச்சு மூணு வாரமாச்சு" என்றார். முதல்முறையாக அந்த மனிதர் மீது கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

பஸ் நிறுத்தம் வரை சார் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் எதிர்வீட்டுக்காரர் "எங்க கிளம்பிட்டீங்க சார்?" என்றார். சார் மூட்டையை என் தோளில் மாட்டிவிட்டு, "நான் இல்ல. இவங்க" என்றார். ஏன் என்று அவர் கேட்டார். "எனக்குப் பூச்சிக்கடி ஒத்துக்காது" என்றார் சார்.

அக்டோபர் 19, சனி. காடு.

மேட்டில் நல்ல காற்று. இரண்டே கடி, இரண்டும் சீனியர் கொசுதான். இன்று யாரையும் திட்டத் தோன்றவில்லை. அதனால் எழுதவும் ஒன்றும் இல்லை.