மெஷினைப் பார்க்க வந்தவர்

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.

அன்பு மகன் கோகிலனுக்கு அம்மா எழுதுவது. நீயும் காமினியும் பேரனும் பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் நான் சுகமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால், அம்மா நான் சொல்றத முதல்ல கேளுங்க என்று நீ நடுவில் புகுந்துவிடுவாய், நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும், அதற்குள் மீட்டிங் என்று வைத்தும் விடுவாய். கடிதத்தில் உன்னால் நடுவில் பேச முடியாது. கடைசி வரைக்கும் படி. காமினி படிக்க நினைத்தால் அவளும் படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

இந்த வருஷம் நம் டோபி கடைக்கு வேலை குறைந்துபோனது உனக்குத் தெரியும். ஜார்ஜ் டவுனிலிருந்து நமக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்த பெரிய ஹோட்டல்களில் ஒன்று செலவைக் குறைக்கிறோம் என்று சொந்தமாக மெஷின் வாங்கி வைத்துக்கொண்டது, இன்னொன்று பாதி அறைகளைப் பூட்டிப்போட்டது. லோரி பாதி காலியாகத் திரும்புவதை அதிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களிடம் மறைக்க முடியுமா. வேலை இருக்குமா அக்கா, இல்ல நாங்க வேற இடம் பார்க்கணுமா என்று என்னிடம் கேட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நான் உன்னிடம் சொன்னேன். சொன்னா பயந்து ஓடிருவாங்கம்மா, நான் பார்த்துக்கிறேன், நீங்க பேசாம இருங்க என்றாய். பெரிய கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற பிரிவுக்கே நீ மேனேஜர், நிச்சயமில்லாத காலத்தில் வேலையாட்களை எப்படி உற்சாகமாக வைத்திருப்பது என்று மேடையேறிப் பேசுகிறவன், உனக்குத் தெரியாததா என்று நானும் பேசாமல் இருந்தேன். துணி துவைக்கிற பெரிய மெஷின் நீ வாங்கித் தந்தது, அந்த மரியாதையும் இருந்தது.

ஆரம்பத்தில் நீ செய்தது நன்றாகத்தான் இருந்தது. எல்லாரையும் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகச் சேர்த்தாய், தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு எமோஜி முகம் அனுப்பச் சொன்னாய், எல்லாரும் சிரித்த முகம் அனுப்பினார்கள். துணி மடிக்கிற ஹஸ்ருல், என்னை அத்தை முறையில் மக்சிக் என்று கூப்பிடுகிற மலாய்ப் பையன், பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கும் சிரித்த முகம்தான் அனுப்பினான், ஏன்டா என்று கேட்டேன், வேற முகம் அனுப்பினா பாஸ் என்ன நினைப்பாரோ மக்சிக் என்றான். அதை உன்னிடம் சொன்னேன், நீ சிரித்தாய். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. கேக், பிரியாணி எல்லாம் நீயே அங்கிருந்து சொல்லி ஏற்பாடு செய்தாய். வீடியோவில் வந்து, நீங்கள் எங்களுக்கு வேலையாட்கள் இல்லை, எங்கள் குடும்பம், என்ன கஷ்டம் வந்தாலும் ஒன்றாக நிற்போம் என்று பேசினாய். லோரி ஓட்டுகிற தனேஷ் எழுந்து நின்று கை தட்டினான். குமுதா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குமுதா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன், கடை திறந்த வருஷத்திலிருந்து பிரஸ் மெஷினில் ஆவியில் வெந்துகொண்டு நிற்கிறவள், எனக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனபோது என்னைக் கேட்காமலே வந்து கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஓட்டியவள். அவளிடம்தான் நீ சொன்னாய், மெஷின்களையெல்லாம் பளிச்சென்று துடைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், நம்ம இடத்தை என் ஆபீசில் காட்டணும் என்று. விருந்து முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள்.

அந்த வாரமே ஒருவர் கடைக்கு வந்தார். சுலைமான் என்று பெயர், செபராங் ஜெயாவில் டோபி கடை வைத்திருக்கிறவர், மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில் அளவெடுக்கிற டேப். பெரிய மெஷினைச் சுற்றி அகலம் பார்த்தார், பிறகு நம் வாசலை அளந்தார். யாருங்க நீங்க, எதுக்கு அளக்கிறீங்க என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், அக்கா உங்களுக்குத் தெரியாதா, உங்க மகன்தானே மெஷின் விக்கிறதா போட்டிருந்தாரு, படம்கூட அவருதான் அனுப்பிச்சாரு என்று போனை நீட்டினார். எல்லாரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். குமுதா எட்டிப் பார்த்தாள். அவள் எடுத்த படங்கள் கோகிலன். ஒன்றில் மெஷினுடைய கண்ணாடிக் கதவில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவள் உருவமே தெரிந்தது. அதைக்கூட நீ கவனிக்கவில்லை, இல்லை கவனித்தும் விட்டுவிட்டாய், எது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போய் பிரஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். அக்கா, மெஷினை மட்டும் விக்கிறீங்களா, எங்களையும் சேர்த்தா என்று கேட்டாள். எனக்கு ஒன்றுமே தெரியாது என்றேன். யாரும் நம்பவில்லை. நான் சொல்லி அவர்கள் நம்பாமல் போனது இந்தக் கடையில் அதுதான் முதல் தடவை. சுலைமானுக்கே முகம் சுருங்கிவிட்டது, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன். நல்ல விலை வரும்போதே குடுத்திடணும்மா, உங்க முழங்காலை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு நிப்பீங்க, உங்களுக்காகத்தான் செஞ்சேன் என்றாய். என் முழங்காலைப் பற்றி உனக்குக் கவலை இருப்பது எனக்குத் தெரியும், அதை நான் பொய் என்று சொல்லவில்லை. அப்படியானால் அந்த விருந்து எதற்கு என்று கேட்டேன். நீ கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னாய், விலை முடியுற வரைக்கும் ஆளுங்க போயிடக்கூடாது இல்லையா, ஓடுற கடையில இருக்கிற மெஷின்னாதான்மா நல்ல விலை கிடைக்கும் என்று. முனீஸ்வரன் கோயிலில் வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஆட்டிடம்கூட யாரும் நீ எங்கள் குடும்பம் என்று சொல்வதில்லை. இதைத்தானா மேடையேறி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். ஆட்களை மதிப்பது எப்படி என்று அத்தனை படித்த உனக்கு, மதிக்கிற மாதிரி இருப்பது மட்டும்தான் பிடிபட்டதா. அப்பா வழக்கம்போல உன் பக்கம், படிச்ச பிள்ளை காரணம் இல்லாம செய்வானா என்றார். அவரோடும் நான் பேசுவதில்லை, சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டு வந்துவிடுகிறேன்.

மறுநாள் கடைக்கு வந்தது தனேஷ் ஒருவன்தான், அவனும் லோரி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போக வந்தவன். நான் கடையைப் பூட்டிவிட்டு குமுதா இருக்கிற பிளாட்டுக்குப் போனேன். லிப்ட் கெட்டுப்போய்க் கிடந்தது, நீ அவ்வளவு கவலைப்பட்ட அதே முழங்காலோடு படியேறினேன். கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், அவள் மட்டும் உட்காரவில்லை. எந்த ஹோட்டல் போனது, எது மிச்சம், உன் திட்டம் என்ன என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க எங்க ஓடப்போறோம் அக்கா, வீட்டுக்காரருகிட்ட சொல்லி, வீட்டுச் செலவைக் குறைச்சு, நாங்களும் ஒரு வழி பண்ணியிருப்போம்ல என்றாள். பிறகு சொன்னாள், கேக் வெட்டினப்போ நான் அழுதேன் அக்கா, நம்மளையும் மதிக்கிறாங்களேன்னு அழுதேன், எல்லாரும் பார்த்தாங்க, இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கிறது என்று. வேலை போகிறது என்று அவள் அழவில்லை கோகிலன். உன் பேச்சை நம்பி அழுதுவிட்டோமே என்று வெட்கப்படுகிறாள்.

திங்கட்கிழமை எல்லாரையும் வரச் சொல்லி, அவளிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னேன். தீபாவளி வரைக்கும் வேலை நிச்சயம், அதற்குப் பிறகு எனக்கே தெரியாது, தெரிந்த அன்றைக்கே உங்களுக்கும் சொல்வேன், நான் இருக்கிற வரைக்கும் மெஷின் இந்த வாசலைத் தாண்டாது என்றேன். தனேஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இனிமே எங்களுக்கு விருந்தெல்லாம் வேணாம்லா அக்கா, விஷயத்தை நேரா சொன்னா போதும் என்றான். ஒருத்தரையும் நிறுத்தாமல் முறை வைத்து ஆளுக்குச் சில நாள் வேலையைக் குறைத்துக்கொள்வது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். நான் பஸ் ஏறி அலைந்ததில் சுங்கை பாக்காப்பில் ஒரு கல்யாண மண்டபம் மேசை விரிப்புகளைத் தர ஒத்துக்கொண்டது, அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான், ஆனாலும் லோரி வெறுமனே நிற்கவில்லை. ஹஸ்ருல் மட்டும் போய்விட்டான், அக்கரையில் ஒரு பேக்டரியில் சேர்ந்திருக்கிறான். பிள்ளை பிறக்கப்போகுது மக்சிக், எனக்குப் பயமா இருக்கு என்றான், என் கையைத் தொட்டு சலாம் செய்தான், முகத்தைப் பார்க்கவில்லை. அவனை ஒரு வார்த்தை திட்டக்கூட எனக்கு வாய் இல்லாமல் செய்துவிட்டாய்.

இன்னொன்று. சுலைமானிடம் மெஷின் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், சரிக்கா என்றார். பிறகு குமுதாவுக்குப் போன் செய்து தன் கடைக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார், சம்பளமும் கூட்டித் தருகிறாராம். அவர் மேல் தப்பில்லை, நல்ல ஆள் யாருக்குத்தான் வேண்டாம். அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை, வந்து சொன்னாள். உனக்கு எது நல்லதோ அதைச் செய்மா என்றேன், யோசிக்கிறேன் அக்கா என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். காலையில் ஆவிச் சத்தம் கேட்டால் இன்றைக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த விளம்பரம் இன்னும் எங்காவது கிடந்தால் எடுத்துவிடு. அந்தக் குழுவிலிருந்து விலகிவிடு. மெஷின் என் காசில் வாங்கியது என்று நீ சொல்லிக்காட்ட நினைத்தால் சொல், என் காதில் ஏறாது. குமுதாவுக்கு நீயே போன் செய். வீடியோ வேண்டாம், நாலு பேரைக் கூட்டிவைத்து வேண்டாம், அவளிடம் மட்டும் பேசு. போகாதீர்கள் என்று கேட்பதற்காகப் பேசாதே, அப்படிப் பேசினால் அதுவும் ஏமாற்றுதான். போனால் போகட்டும், ஏமாந்தவளாகப் போகக்கூடாது, அவ்வளவுதான். செய்துவிட்டு எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

கோபத்தில் எழுதினாலும் பெற்ற வாய், நல்லதைத்தான் சொல்லும். முருகன் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். அங்கே குளிர் கடுமையாக இருக்கும், பேரனுக்கு நெஞ்சுச் சளி கட்டாமல் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுக்கச் சொன்னேன் என்று காமினியிடம் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்கு வீடியோவில் நீ குமுதாவை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் உன்னைவிட மூத்தவள். அவள் போனை எடுத்ததும் முதலில் அக்கா என்று கூப்பிடு. மன்னிப்புக் கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா
ஜெயலெட்சுமி