வல்லாரைச் சாறும் மூன்றாம் பந்தியும்

ஏனுங்க,

உங்களை எழுப்பாமல் லேபுக்குக் கிளம்புகிறேன். பதினோரு மணிக்குப் பெருந்துறையிலிருந்து என் அண்ணன் வருகிறார். சோறும் தக்காளிக் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் பரிமாறுங்கள்.

ஃபிரிட்ஜில் இருக்கும் உங்கள் வல்லாரைச் சாற்றை அவர் போகும்வரை தொட வேண்டாம். புளிக்கவைத்த சாறு ஞாபகசக்தியைக் கூட்டுமா என்ற எங்கள் ஆராய்ச்சிக்கு நீங்களாகத்தான் பேர் கொடுத்தீர்கள். இரண்டு மாதம் குடித்தும், ஞாபகப் பரீட்சையில் பதினைந்து சொல்லுக்கு ஆறுதான் திருப்பிச் சொன்னீர்கள். ஆனால் நேற்று, அண்ணன் வருகிறார் என்றதும், ஒன்பது வருஷத்துக்கு முன் அண்ணன் வீட்டுப் புதுமனை விருந்தில் "மாப்ள, சாப்பிட வாங்க" என்று ஒருத்தரும் கூப்பிடாதது, மூன்றாம் பந்தியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்தது, பாயசம் தீர்ந்துபோனது எல்லாம் உங்கள் வாயிலிருந்து வரிசையாக வந்தன. கேட்டால், "உன்ற சாறு பண்ற வேலை, அம்மணி" என்றீர்கள்.

லோகப்பிரியா

பி.கு: செருப்பு மாட்டும்போது லேபிலிருந்து ஃபோன். யாருக்குச் சாறு, யாருக்குச் சாறு மாதிரியே நிறமும் புளிப்பும் சேர்த்த வெறும் தண்ணீர் என்று மூடி வைத்திருந்த பட்டியலை இன்றுதான் பிரித்தார்களாம். உங்களுக்குத் தண்ணீர்தான்.

அப்படியென்றால் ஒன்பது வருஷமாக எல்லாம் ஞாபகம் இருந்தும், என் முகத்துக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். அன்றைக்கு "சாப்பிட்டீங்களா" என்று நானாவது கேட்டிருக்க வேண்டும்.

அண்ணனிடம் ஃபோனில் பேசிவிட்டேன். வந்ததும் நம் வீட்டிலேயே உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். சிரித்துவிடாமல், முதலில் போய் உட்காருங்கள்.