சுன்தேக்கு மிளகாய் விழுது

அன்புள்ள அம்மாவுக்கு,

நாரே எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். நீ பெட்டியில் திணித்த பஞ்சு மேலங்கியைத் தினமும் போட்டுக்கொள்கிறேன். இங்கே கடல் காற்று நம் பொல்க்யோ காற்றைவிட முரடு. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடைத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வேலையை வேறு யாருக்காவது கொடு.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நான் சொல்லப்போவதைப் போனில் ஆரம்பித்தால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை வைத்தால் அது மேசை மேலேயே இருக்கும், எப்போதாவது படித்துத்தான் ஆகவேண்டும். அதோடு, எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதுவது சுலபம். அது உனக்கே தெரியும்.

வேலையில் சேருவதற்கு முன் ஊர் ஊராகச் சந்தைத் தீனி தின்று பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, "சந்தையிலயே பொறந்து வளந்தவ, சந்தையப் பாக்க பஸ் ஏறுறாளாம். இதுக்குத்தான் பட்டம் வாங்குனியா?" என்று சிரித்தாய். தின்றது பொய்யில்லை. சொங்சனில் மெமில் தானிய மாவில் வார்த்து, கிம்ச்சி ஊறுகாய் வைத்துச் சுருட்டிய ரொட்டி தின்றேன். நாக்கில் பட்டதா இல்லையா என்று தெரிவதற்குள் தொண்டைக்குள் வழுக்கிப் போகிற சோள நூடுல்ஸ் தின்றேன். சம்சொக்கில் மீன் அச்சில் சுட்ட ரொட்டி. உள்ளே பயற்று விழுது அப்படியே கொதித்தது, மேல் அண்ணம் வெந்துபோனது.

கஷ்டம் தின்பதில் இல்லை, கூப்பிடுவதில்தான். எல்லாச் சந்தையிலும் எல்லோரும் கடைக்காரப் பெண்களைச் "சித்தி, இன்னொரு தட்டு", "சித்தி, கொஞ்சம் ரசம் ஊத்து" என்று கூவுகிறார்கள். எனக்கு வாய் எழவில்லை. நம் கடையில் பிறர் உன்னை அப்படிக் கூப்பிடக் கேட்டே வளர்ந்தவள், நான் கூப்பிட வேண்டி வந்ததே இல்லை. மீன் ரொட்டிக் கடையில் தைரியம் வந்து மெல்லச் "சித்தி" என்றேன். அந்த அம்மாள் இடுக்கியை ஆட்டிக்கொண்டு, "சித்தியா? நான் இன்னும் கல்யாணமே ஆகாதவ. அக்கான்னு சொல்லு, ஒரு மீன் கூடப் போடுறேன்" என்றார். சொன்னேன். போட்டார்.

ஆனால் அம்மா, நான் தீனிக்காக மட்டும் கிளம்பவில்லை. நம் பக்கத்துக் கடைக் கோப்தான் பெரியம்மாவைத் திட்டாதே, நான்தான் அவரை விடாமல் கேட்டேன். கீழைக் கடலோரச் சந்தை ஒன்றில் உன் தங்கையைப் பார்த்ததாக அவர் சொன்னார். நம்மைப் போலவே பன்றிக் குடலில் அடைத்து அவித்த சுன்தே விற்கிறாராம். எந்த ஊர் என்று அவருக்கு நினைவில்லை. முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நம் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அதனால்தான் ஊருக்கு ஊர் சுன்தேக் கடை தேடி உட்கார்ந்தேன்.

தொங்ஹேயில் புக்ப்யோங் சந்தை கூடுகிற நாள். நீலத் தார்ப்பாய்க்கு அடியில், ஆவிக்குள் ஒரு அம்மாள் நின்றிருந்தார். பூப்போட்ட பஞ்சு அரைச்சட்டை, சிவப்பு ரப்பர் கையுறை. சட்டியிலிருந்து சுன்தேயை உருவி எடுத்து, பார்க்காமலே சாய்வாக வெட்டுகிறார், நீ வெட்டுகிற மாதிரி. "சித்தி" என்றேன். என் வாழ்க்கையிலேயே உண்மையாகச் சொன்ன சித்தி அதுதான். அவர் தலை நிமிராமல், "வந்துட்டேன் வந்துட்டேன், உக்காரு கண்ணு" என்றார். பெஞ்சில் இருந்த எல்லோருமே அதே வார்த்தையைத்தான் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது அவர்கள் சத்தத்தோடு கலந்து போய்விட்டது. இனி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தட்டு வந்தது. ஓரத்தில் மிளகாய்ப்பொடி கலந்த உப்பு. நான் வேறு நினைவில் இருந்தேன். நம் ஊர் வழக்கம்போல, "காடி மிளகாய் விழுது இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

பெஞ்சே சிரித்தது. பக்கத்தில் இருந்த டாக்சிக்காரர், "சுன்தேக்கு மிளகாய் விழுதா? பச்சை மீன்னு நெனச்சிட்டியா, பொண்ணே?" என்றார். அவர் எதிரில் இருந்தவர், "சித்தி, பொண்ணுக்கு ஒரு கணவாய அறுத்துக் குடு" என்றார். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது. அவர் குனிந்து, வண்டிக்குக் கீழே, துணி மடிப்புகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்தார். விற்பனைக்கு வைத்த ஜாடி இல்லை. ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் வைத்தார். தொட்டு வாயில் வைத்தேன். சர்க்கரை போடாமல் மேசில் பிளம் பழச்சாறு ஊற்றிய இனிப்பு. உன் விழுது, அம்மா.

"எந்த ஊரு நீ?" என்றார். பொல்க்யோ என்றேன். "பொல்க்யோல எங்க?" பாலத்தடிச் சந்தையில் சுன்தேக் கடை என்றேன். அவர் ஆவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் ஈரல், நுரையீரல், எல்லாவற்றையும் வெட்டி வெட்டி என் தட்டில் குவித்தார், கீழே விழுகிற அளவுக்கு. டாக்சிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "வருஷக்கணக்கா வரேன், எனக்கு ஒரு துண்டு சும்மா போட்டதுண்டா சித்தி?" என்றார். "நீ வாயால கூப்பிடுற சித்தி. இவளுக்கு நெஜமாவே சித்தி. பேசாம தின்னு" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கையுறையைக் கழற்றாமல் கண்ணைத் துடைத்துவிட்டு, மிளகாய் எரிகிறது என்று முனகினார்.

இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன். கணவாய்ப் படகில் போன சித்தப்பா உயிரோடு இல்லை. பிள்ளைகளும் இல்லை. சாப்பாட்டில் குறையில்லை, தைரியத்திலும் குறையில்லை. சந்திரப் புத்தாண்டு கழிந்து உனக்கு அறுபது நிறைகிறதே, அந்த விருந்துக்கு வாருங்கள் என்று அவரைக் கேட்டேன். முடியாது என்றார். நான் விடவில்லை, மறுநாளும் கேட்டேன். கடைசியில் காரணம் சொன்னார். அவர் சித்தப்பாவோடு கிளம்பிய அன்று நீ கடைக் கத்தியைக் கையில் வைத்தபடி, இந்தப் பாலத்தைத் தாண்டினால் இனி என்னை அக்கா என்று கூப்பிடாதே என்றாயாம். "தாண்டினேன். அதனால கூப்பிடல. அவ சொன்ன சொல்ல நான் மீறுனது ஒரு தடவதான்" என்றார். அவருக்குக் கோபம் இல்லை, அம்மா. உன் முழங்காலைப் பற்றிக் கேட்கிறார். நீ இன்னும் இடது கையால்தான் குடல் திருப்புகிறாயா என்று கேட்கிறார். அக்கா என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுப்பதில்லை, உன்னை "உன் அம்மா" என்றே சொல்கிறார்.

நான் அவரை அழைத்துக்கொண்டுதான் வருவேன். இதில் பின்வாங்கப் போவதில்லை. அலுவலகத்தில் சேர இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை இங்கே தட்டுக் கழுவுகிறேன். நேற்றுச் சந்தையில், "சூடான சுன்தே, உக்காந்து சாப்பிட்டுப் போங்க" என்று கத்தினேன். நானேதான். டாக்சிக்காரர் கைதட்டினார்.

ஆனால் கூப்பிட வேண்டியது நீதான். இங்கே அவரை எல்லோரும் சித்தி என்கிறார்கள். பெயர் என்ன என்று பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியவில்லை. சந்தை இல்லாத நாளில் காலையில் போன் செய், அடுப்படியில் இருப்பார். எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மன்னிப்பு கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். விருந்து பற்றியும் பேசவேண்டாம். எடுத்ததும் பெயர் சொல்லி "போக்சிம்" என்று ஒரு தடவை கூப்பிடு. பதிலுக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியும்.

முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள். போன் எப்போது மணியடிக்கும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,

உன் மகள்,
நாரே