மீனுக்குப் பொருந்தாத சொல்

இன்று காலை வெள்ளவத்தை பஸ்ஸில், நனைந்த குடைகளின் வாடைக்கு நடுவே, பின்னிருக்கை இளம்பெண்ணொருத்தி தோழியிடம் உரத்த தமிழில் கதைத்துக்கொண்டு வந்தாள். "சரியான ஓக்வர்ட்டாப் போச்சடி" என்று சொல்லிச் சிரித்தாள். உங்கள் மறைவுச் செய்தி ஹட்டனிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன்.

யுத்த காலத்தில் நாமிரு பெண்களும் பஸ்ஸில் தமிழ் கதைத்ததில்லை. நாம் சேர்ந்து தங்கிய கொட்டாஞ்சேனை அறையிலிருந்து வெள்ளவத்தைத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் அரைகுறை ஆங்கிலம்தான். சிங்களம் பேசினால் தமிழரென்று நாக்கு காட்டிக்கொடுக்கும். ஆங்கிலம் எவரையும் உறுத்தாது என்பது நம் கணிப்பு. என் ஆங்கிலம் பள்ளியில் பெற்றதன்று. பழைய அகராதியொன்றை வரிவரியாகப் படித்து ஈட்டியது. உங்கள் கையிருப்போ சில சொற்களே. அவற்றுள் ஓக்வர்ட் (awkward) என்பதை எல்லாவற்றிற்கும் செலவழித்தீர்கள்: மழை ஓக்வர்ட், முதலாளி ஓக்வர்ட், மத்தியானச் சோற்றிலிருந்த மீனும் ஓக்வர்ட்.

அறைக்கு வந்ததும் விளக்குவேன். கைகால் இசையாத நடைக்கும், விடையளிக்கக் கூசும் கேள்விக்கும், எவரும் வாய்திறக்கத் தயங்கும் வேளைக்கும் உரிய சொல் அது. "மீன் பழுதாகும். ஓக்வர்ட் ஆகாது."

"சந்தை மீன நீங்க மோந்து பாத்ததில்ல, டீச்சரம்மா" என்பீர்கள்.

நகரில் குண்டு வெடித்த வாரத்தில், சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தவர்கள் உங்களுடையதைத் தரவில்லை.

"நீங்க போங்க. கடைக்கு லேட்டாகுது" என்றீர்கள், தமிழில்.

இரண்டு நாள் தடுத்து வைக்கப்பட்டு, அறைக்குத் திரும்பி வந்தீர்கள். குளித்தீர்கள். ஈரத் தலையைத் துவட்டாமலே கட்டிலில் அமர்ந்தீர்கள்.

"என்ன செய்தவங்கள்? சொல்லுங்கோ" என்றேன்.

"ஓக்வர்ட்டா இருந்திச்சிங்க. அவ்வளவுதான்."

நம்மைத் தவிர அந்த அறையில் எவருமில்லை; தமிழிலேயே சொல்லியிருக்கலாம். நான் திருத்தவில்லை, மேலும் கேட்கவுமில்லை. தேநீர் ஊற்றித் தந்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தீர்கள். மாத முடிவில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டீர்கள். பின்னர் வந்த உங்கள் கடிதங்களில் மழையும் பிள்ளைகளும் இருந்தன. அந்த இரண்டு நாட்கள் இல்லை.

அச்சொல்லுக்கு நீங்கள் அன்று வைத்த பொருள் எந்த அகராதியிலும் இல்லை. இனிக் கேட்டறியவும் ஆளில்லை. அதன்பின் பெண்களுக்கான உதவி நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனையோ பெண்கள் என்முன் அமர்ந்து, சொல்லத் தொடங்கி, சிறு சொல்லொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு அப்பால் நான் கேட்பதில்லை. அவர்கள் எழுந்து போகும்வரை அருகில் இருக்கிறேன்.