சிரித்துக்கொண்டே சொன்ன வலி

மார்ச் 4
இன்று பத்துப் பிள்ளைகளும் தலையைத் தண்ணீருக்குள் விட்டார்கள்! நீச்சல் சொல்லிக்கொடுப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வலது விலாவுக்குக் கீழேதான் சாப்பிட்டதும் பிடித்து இழுக்கிறது. மூன்றாவது தடவை. “டாக்டர்கிட்ட போ. ஆனா அங்க போய் ஜோக் அடிக்காதே” என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 6
அடித்தேன். டாக்டர் வயிற்றை அமுக்கப் போனவர், கம்ப்யூட்டரில் என் பழைய ஃபைலைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். இருமுனை மனநிலைக் கோளாறு. “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” பதினோரு வருடமாக ஒரு நாள் தவறவில்லை ஐயா! சீட்டில் எழுதியிருந்தது: ‘அதிக உற்சாகம்.’

மார்ச் 9
வலி. வலி. வலி.

மார்ச் 11
மறுபடி அவரிடமே போனோம். இந்த முறை சிரிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தேன். சீட்டு: ‘சோர்ந்த மனநிலை. மனநல மருத்துவரைப் பார்க்கவும்.’ காரில் உட்கார்ந்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன். வலிக்குதுன்னா வலிக்குது, அவ்வளவுதானே? நான் சொன்னா மட்டும் ஏன் எடுபட மாட்டேங்குது?

மார்ச் 12
என் மனநல மருத்துவர் முதலில் கேட்டது: “வயித்தை யாராவது தொட்டுப் பாத்தாங்களா?” அவரே அமுக்கினார். உயிர் போய் வந்தது. என் எதிரிலேயே அந்த டாக்டருக்குப் போன் போட்டார்: “இவங்க சிரிப்பைப் பதினோரு வருஷமா பாக்குறேன். அது நோயில்ல, சுபாவம். நாளைக்கே ஸ்கேன் எடுங்க.” வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மார்ச் 13
பித்தப்பையில் கல்! ஒன்றல்ல, மூன்று! நான் கைதட்டியதைப் பார்த்து ஸ்கேன் எடுத்த பெண் பயந்துவிட்டாள். வீட்டுக்காரர் பிள்ளை பிறந்த மாதிரி எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்கிறார்.

மார்ச் 20
ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். அந்த டாக்டர் வார்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஃபைலைப் பாத்துட்டு உங்களைப் பாக்காம விட்டுட்டேம்மா. தப்பு என்னோடதுதான்.” தலையாட்டினேன். கோபம் முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

மே 8
குளத்துக்கரையில் வழுக்கி விழுந்தேன், பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். கணுக்கால் வீங்கிவிட்டது. அதே டாக்டர். கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் தரையில் மண்டியிட்டு, என் காலைக் கையில் எடுத்துக்கொண்டார்.
“எங்கம்மா வலிக்குது?”
காட்டினேன்.